பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி தானா ராத்தாவில் நடைபெற்ற ஆசிரியர், பெற்றோர் சந்திப்பில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



 

காலையிலிருந்து நல்ல நல்ல கருத்துகளைக் கேட்டோம். இளம் ஆசிரியர்கள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்குத் திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொழில்நுட்பத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரையையும் உங்களையும் சேர்த்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

"தொழில்நுட்பமும் கல்வியின் இன்றைய சவால்களும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் எங்கள் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

என் அத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஜனங்கள் "பாய் கடை" என்பார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் பற்று எழுதி வாங்கிப் போவார்கள். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவதில்லை. ஊரிலிருந்து கடுதாசி வந்திருந்தால் படித்துக் காட்டச் சொல்வார்கள். பதில் எழுதச் சொல்வார்கள். மணியார்டர் பாரத்தை நிரப்பச் சொல்வார்கள். தமிழ் நேசன் பத்திரிகை வந்ததும் அத்தா சத்தமாக வாசிப்பார், பத்துப் பேர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கேட்பார்கள். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அது நின்ற செய்தி எனக்குப் புலனத்தில்தான் வந்தது.

கடையின் பின்பக்கம் ஒரு பெஞ்சு. லயத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். லயத்து வீட்டில் இடமும் கிடையாது, விளக்கும் போதாது. எங்கள் கடையில் நல்ல விளக்கு இருந்தது. அதைவிட, கணக்கில் சந்தேகம் என்றால் கேட்க அத்தா இருந்தார். நான் ஆசிரியையானதற்குக் காரணம் அந்த பெஞ்சுதான் என்று சொல்வேன்.

இந்த மலையில் தேயிலை 1929இல் போ தோட்டத்தோடு வேர்விட்டது. தோட்டப் பள்ளிக்கூடம் என்கிற ஏற்பாடோ அதற்கும் முந்தியது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. ரப்பர் தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். பல இடங்களில் பேருக்கு ஒரு கொட்டகை போட்டு, படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ வாத்தியாராக்கினார்கள். குறை நிறைய உண்டு. ஆனாலும் அந்தச் சட்டம் கேட்டது இரண்டைத்தான்: ஓர் இடம், அங்கே ஓர் ஆள். நூறு வருடம் கழித்து 2020இல் நாங்கள் தடுமாறியதும் அந்த இரண்டுக்காகத்தான்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகளை மூடினார்கள். அப்போது நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருந்தேன். என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். இயங்கலையில் பாடம் நடத்து என்றார்கள். முதல் நாள் காலை எட்டு மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவனுக்குப் பின்னால் கோழி கத்திய சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

மற்ற பதினொரு பேரும் எங்கே? பிள்ளைகளுக்குச் சோம்பல் என்று நானும் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு வீடாக அழைத்துப் பேசிய பிறகுதான் புரிந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அது அப்பாவுடையது. தேயிலைத் தோட்டத்துக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ விடியுமுன் அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஊர் முழுவதும் அடைந்து கிடந்தாலும் கொழுந்து நிற்காதே, கோசு நிற்காதே! அவர் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டு, கைப்பேசி பிள்ளையின் கைக்கு வரும்போது இரவு எட்டு மணி. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு அரை மணி. சில லயங்கள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே அலை கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். குளிரில், இருட்டில், பத்து வயதுப் பிள்ளை.

இது நம் மலைக்கு மட்டும் வந்த கதி இல்லை. அந்த நேரத்தில் கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் கேட்டறிந்ததில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்த காணொளியை நாடே பார்த்தது. பிறகு அரசாங்கம் செர்டிக் திட்டத்தில் 150,000 கருவிகள் கொடுப்பதாக அறிவித்தது. தொலைக்காட்சியில் பாடம் வந்தது. எல்லாம் நல்லதுதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், நேரலை வகுப்பை விட்டுவிட்டோம். நான் பாடத்தை மூன்று மூன்று நிமிடக் குரல் பதிவாக்கிப் புலனத்தில் போட்டேன். இரவில் எப்போது கைப்பேசி கிடைக்கிறதோ அப்போது கேட்கட்டும். பயிற்சித் தாள்களை அச்செடுத்து உறையில் போட்டுப் பேர் எழுதி ஒரு கடையில் வைத்தேன். சாமான் வாங்க வரும் அம்மாமார்கள் எடுத்துப் போவார்கள், செய்து முடித்ததை அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். எந்தக் கடை என்று கேட்கிறீர்களா? அத்தா இருந்த அதே கடை. இப்போது என் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். பற்று எழுதும் நோட்டுக்குப் பக்கத்திலேயே உறைகளை அடுக்கி வைத்தான். இதற்கெல்லாம் அறிக்கை கேட்டார்கள், திரையைப் படம் பிடித்து அனுப்பு என்றார்கள். அரிசி மூட்டையையும் உறைகளையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஓர் உறையை மட்டும் மறக்க முடியவில்லை. நான்காம் ஆண்டு மாணவி. தாளில் எல்லா விடையும் சரி. கடைசியில் சின்னதாக எழுதியிருந்தாள்: "டீச்சர், நான் செஞ்சது சரியான்னு யாரும் சொல்லல." அவள் வீட்டில் கைப்பேசியும் இருந்தது, அலையும் இருந்தது. சரி என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எனக்கு முன்பே, 1972 ஜூனில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு கணினி அறை. பிறகு ஃபுரோக் விஎல்இ என்கிற மெய்நிகர் கற்றல் தளம். நாடு முழுவதும் பள்ளிகளுக்கு இணையம் என்று பெரிய ஒப்பந்தம். பயன்பாடு மிகவும் குறைவு என்று தணிக்கை அறிக்கையே சொன்னது. 2019இல் அது முடிந்தது. அடுத்து கூகுள் வகுப்பறை, அடுத்து டெலிமா. ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குக் கடவுச்சொல் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் மறந்தோம். சிரிக்காதீர்கள், முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கையால் கிள்ளிய காலம் போய், கத்தரி வந்து, பிறகு அது வந்தது. இயந்திரம் என்றாலும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் செடியின் மேல் சீராகப் போகும். ஓர் ஆள் விட்டால் சாய்ந்து மரத்தையே வெட்டிவிடும். இதை எனக்குச் சொன்னது ஒரு மாணவனின் அப்பா. "டீச்சர், மிஷின் வந்தா ஆள் வேணாம்னு சொன்னாங்க. ரெண்டு பேர் இல்லாம அது நகராது" என்றார். எங்கள் பயிற்சிப் பட்டறைகளில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அடுத்து நம் சமுதாயத்தைப் பற்றிக் கொஞ்சம். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகன் தேசியப் பள்ளியில் படித்தான். மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் வரும், குர்ஆன் ஓதுவான். தமிழ் பேசுவான். தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் ஆசிரியையின் மகன்! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அகரம் எழுதிக் காட்டிய நான் வீட்டில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த மண்டபத்தில் என்னைப் போல் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

பொன்விழா மலர் ஒன்று தயாராகிறது. கட்டுரை கேட்டிருக்கிறார்கள், படம் கேட்டிருக்கிறார்கள். அந்த மலர் உங்கள் வீட்டுக்கு வரும். உங்கள் பேரப்பிள்ளை அதில் உங்கள் அத்தாவின் படத்தைப் பார்ப்பான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் கேட்பான்?

பிள்ளைகள் தமிழில் எழுதாமலில்லை. நாள் முழுவதும் எழுதுகிறார்கள். புலனத்தில், ஆங்கில எழுத்தில். என் பேத்தி அப்படித்தான் ஒருநாள் அனுப்பினாள். அவள் அத்தா பள்ளிக்குத் தொழப் போயிருப்பதாகச் சொல்ல வந்தாள். ஆங்கில எழுத்தில் பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்துகள்தான். பள்ளிவாசலா, பள்ளிக்கூடமா, சுவரில் ஊரும் பல்லியா? நான் குறும்பாகப் "பல்லியிடம் என்ன வேலை?" என்று தமிழில் கேட்டேன். அவளுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. சிரிப்பு எனக்கு அத்தோடு நின்றுபோயிற்று.

தமிழை வேறு எழுத்தில் எழுதுவது நமக்குப் புதிதா என்ன? அத்தாவைப் பெற்ற பாட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அரபுத் தமிழில் கிதாபு வாசிப்பார். பேச்சு தமிழ், எழுத்து அரபு. அந்தக் காலத்துப் பெண்களில் நிறையப் பேர் மார்க்கம் படித்தது அப்படித்தான். ஆனால் நம் முன்னோர்கள் அரபு எழுத்தை அப்படியே எடுத்துத் தமிழின் மேல் போர்த்திவிடவில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்கள். மலாய்க்காரர்கள் ஜாவியில் செய்ததும் அதே வேலைதான். ச, ங, ப, க, ஞ ஒலிகளுக்கு அவர்கள் சேர்த்த எழுத்துகளை நம் பிள்ளைகள் ஜாவி வகுப்பில் படிக்கிறார்கள். நம் ஆட்கள் அச்சு வந்தபோதும் பின்வாங்கவில்லை. 1887இல் சிங்கப்பூரில் சிங்கை நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்திய மகுதூம் சாயபு நம்மவர்தான்.

கைப்பேசியில் தமிழ் எழுத வழி இல்லை என்று யாரும் சொல்லவும் முடியாது. வழி போட்டுக் கொடுத்தவரே நம் நாட்டுக்காரர். தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. அஞ்சல் விசைப்பலகையில் பிள்ளைகள் இப்போது தட்டுகிற அதே ஆங்கில எழுத்தைத் தட்டினால் போதும், திரையில் தமிழ் எழுத்து வரும். ஒரு வித்தியாசம் உண்டு. சின்ன எல் தட்டினால் ல, பெரிய எல் தட்டினால் ள, இசட் தட்டினால் ழ. எது வேண்டும் என்று பிள்ளை ஒரு கணம் நின்று யோசித்தாக வேண்டும். நான் முப்பது வருடம் கரும்பலகையில் செய்ய முயன்றது அந்த ஒரு கணம்தான்.

பேத்திக்கு விசைப்பலகையைப் போட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது. வாசிக்கக் கற்றுக் கொடுக்க எட்டு மாதம் ஆனது. தினமும் இரவு ஒரு வரி அனுப்புவேன், அவள் ஒரு வரி அனுப்புவாள். பக்கத்தில் உட்கார முடியாத தூரத்தில், பக்கத்தில் உட்காருவதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த வழி.

தேசியப் பள்ளியில் பிள்ளைகளைப் போட்டிருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் மொழி வகுப்பு வைக்க 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடம் தருகிறது. பதினைந்து பேர். நம் சங்கத்தின் நோன்புத் திறப்புக்கு இதைவிட அதிகம் பேர் முதல் வரிசையிலேயே இருப்பார்கள். தனியாகப் போய்க் கேட்டால் "ஆள் போதாது" என்பார்கள். பட்டியலோடு சேர்ந்து போங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் காலையில் பேச்சு வந்தது. அதை நானும் சந்தித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். 2023இல் ஆறாம் ஆண்டுப் பையனிடம் "நான் வாழும் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பிழையே இல்லாமல் கொண்டுவந்தான். கடற்காற்று வீசுகிறது, தென்னந்தோப்புகள் தலையசைக்கின்றன, நெல்வயல்கள் பச்சைக் கம்பளம். பையன் இருப்பது ஹாபுவில்! "தென்னை எங்கடா இருக்கு இங்கே?" என்றேன். "தெரியல டீச்சர், நல்லா இருந்துச்சு, அதான்" என்றான். அவனைத் திட்டவில்லை. அவன் அப்பாவிடம் போய்ப் பத்துச் சொல் வாங்கி வரச் சொன்னேன். பெரட்டு, கொழுந்து, கங்காணி, நிறுவை, லயம் என்று எழுதிக்கொண்டு வந்தான். அந்தச் சொற்களை வைத்து அவனே எழுதினான். பனி இறங்கும்போது எதிரில் வரும் லாரியின் விளக்கு முதலில் தெரியும், லாரி பிறகுதான் தெரியும் என்று ஒரு வரி. பிழை நான்கு இருந்தது. நான் சேர்த்து வைத்திருக்கும் சில தாள்களில் அதுவும் ஒன்று.

இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். செயலவையினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொன்விழாப் பரிசாக வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கையடக்கக் கணினி வழங்க நன்கொடை சேர்க்கிறீர்கள். மேடையில் கொடுத்தால் படம் நன்றாக இருக்கும். நானும் நன்கொடை தருகிறேன். ஆனால் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனது ஆறு மாதத்தில் விளையாட்டுக் கருவியாகும், இல்லை என்றால் திரை உடைந்து அலமாரி மேலேறும். 2021இல் கிடைத்த கருவிகள் சிலவற்றின் கதி அதுதான் என்று நான் வீடு வீடாகப் பார்த்தேன். பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பத்து மணி நேரம் சரிவில் நின்றுவிட்டு வருகிறவரிடம் போய்ப் பிள்ளையின் திரையைக் கண்காணியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை இருக்கிறது. பந்தல் துணியும் பழைய நாற்காலியும் பிரியாணித் தேக்சாவும் கிடக்கின்றன. அதைக் காலி செய்து தாருங்கள். சேர்கிற பணத்தில் பாதிக்குக் கருவி வாங்கி அங்கேயே வையுங்கள். மீதியில் இணையம், ஓர் அச்சுப்பொறி, தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேன் செலவு. வேன் இல்லாவிட்டால் இது நகரத்துப் பிள்ளைகளின் அறையாகிவிடும். வாரத்தில் மூன்று மாலை, அஸருக்குப் பிறகு மக்ரிபு வரைக்கும். எல்லா இனத்துப் பிள்ளைகளும் வரட்டும். எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மாரியாயி மகனும் முனியாண்டி மகளும்தான். அத்தா யாரையும் கேட்டு உட்கார வைத்ததில்லை.

ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் மூன்று பேர் பேசி வைத்திருக்கிறோம். கணிதத்துக்கு ஒருவர், மலாய்க்கு ஒருவர், தமிழுக்கு நான். இளைஞர் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தால் கருவிகளைப் பார்த்துக்கொள்ள உதவும். கடவுச்சொல்லை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

"பிள்ளைகள் வராவிட்டால்?" என்று செயலாளர் நேற்றே கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் மாதம் நான்கு பேர் வருவார்கள் என்று நினைக்கிறேன். மழை நாளில் இரண்டு பேர். ரிங்லெட் பாதையில் மண் சரிந்தால் ஒருவரும் வர மாட்டார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குச் சொல்கிறோம். நடக்கவில்லை என்றால் நாற்காலிகளைத் திரும்ப அடுக்க நானே வருகிறேன்.

அறைச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு நானும் மகளிர் பிரிவில் நான்கு பேரும் பெருக்கித் துடைக்க வருகிறோம். அலமாரி நகர்த்தப் பலம் உள்ள தம்பிமார்கள் இரண்டு பேர் வேண்டும். பேர் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் முன் என்னிடம் வாருங்கள், எழுதிக்கொள்கிறேன்.